குடவோலையும் பொதுவாக்கெடுப்பும்

நாட்டின் தலையாய சிக்கல்களை மக்களே நேரடியாக வாக்களித்துத் தீர்மானிக்க வேண்டுமா, அல்லது அவர்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகளிடம் விட்டுவிட வேண்டுமா என்னும் வினா எழும்போதெல்லாம் தமிழகத்தில் ஒரு விடை ஆயத்தமாக இருக்கக் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் நம் முன்னோர் வாக்களித்தார்கள் என்பதே அவ்விடை. பள்ளிப் பாடநூல்கள் அதைச் சொல்கின்றன; மேடைகள் அதைச் சொல்கின்றன; 2020 டிசம்பரில் புதுதில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரும் அக்கல்வெட்டை எடுத்துரைத்தார். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பெருமைகளுள் ஒன்றான அவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அதன் கல்வெட்டுக்கள் உண்மையில் யாது கூறுகின்றன என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தால், பொதுவாக்கெடுப்பைப் பற்றிய நமது வழக்கு பலர் எண்ணுவது போல் எளிதன்று என்பது புலனாகும்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுக்கள் உள்ளன. இரண்டும் சபையே செய்துகொண்ட விதிகள். மன்னனின் அலுவலர் ஒருவர் உடன் அமர்ந்திருக்க, சபையார் கூடி இவ்வேற்பாட்டைச் செய்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டுக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் உள்ளிட்ட பெருஞ்சபையின் நடுவே, ஊரிலுள்ள நம்பிமார் அனைவரும் இருக்க, அவர்களுள் மூத்தவர் குடத்தைத் தூக்கி யாவரும் காணக் காட்டினார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை ஏற்று வாசித்தான். பின்னர் நம்பிமார் யாவரும் வாசித்தனர். இவ்வாறு கிடைத்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்த்தப்பட்டனர். 360 நாள் கழிந்ததும் அவர்கள் விலக வேண்டும்.

இதில் வாக்கு எங்கே இருக்கிறது? எவரும் எவரையும் விரும்பித் தெரிவு செய்யவில்லை. ஓலைகள் எண்ணப்படவில்லை, பெரும்பான்மை என்னும் பேச்சே இல்லை. நடந்தது திருவுளச்சீட்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் தொடக்கத் திருச்சபை எம்முறையைக் கையாண்டதோ, ஏறத்தாழ அம்முறைதான். மேலும், குடத்தில் இடப்பட்டவை ஆட்களின் பெயர்களே. ஏரியின் கரையை உயர்த்தலாமா, புதிய வரி விதிக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்னும் எந்தப் பொருளும் குடத்துக்குள் இறங்கியதில்லை.

அங்ஙனமாயின் அச்சபையார் எதற்காக இத்தனை பாடுபட்டனர்? விதிகளைப் படிப்போருக்கு ஒன்று தெளிவாகும். இக்கல்வெட்டு நம்பிக்கையினால் எழுதப்பட்டதன்று, ஐயத்தினால் எழுதப்பட்டது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினர் பெயர்களும் ஆகா. பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகார். கடந்த 3 ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. அதிகாரம் ஒரே வீட்டுக்குள் சுற்றி வருவதையும், கட்சி கட்டிக்கொண்டு ஊரைப் பிடிப்பதையும் அவர்கள் கண்டிருக்க வேண்டும். இரண்டே ஆண்டுகளில் முதல் விதி போதாதென்று கண்டு, வயது வரம்பை 30 முதல் 60 என்பதிலிருந்து 35 முதல் 70 என மாற்றி, தகுதிக் குறைவுகளை விரித்தெழுதினர். தீயோர் நீங்கி நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே அதற்கு அவர்கள் சொன்ன காரணம். பொறுப்பிலிருந்தவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பை நம் காலத்து அமைப்புகள் பலவும், திருச்சபையின் அமைப்புகள் உள்ளிட்டு, எட்டிப் பிடிக்கவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

இனி, பெயர் எழுதப்படத் தகுதியுடையோர் யாவர்? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர். சொந்த மனையில் வீடு கட்டி இருப்பவர். வேதம் கற்று ஓதுவிக்க வல்லவர். வேதமொன்றும் பாடியமொன்றும் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் ஒரு பிரமதேயம் என்பதை மறத்தல் கூடாது. வைரமேகத் தடாகம் என்னும் அவ்வூரின் பேரேரியில் தூர் வாரியோரும், அதன் நீரால் உழுதோரும், அறுத்தோரும் அக்குடத்தின் அருகே வரவில்லை. பெண்கள் எவரும் வரவில்லை.

பொருள்களைப் பற்றிய முடிவுகளோ சபை கூடி உரையாடி எட்டப்பட்டன. அவ்வுரையாடல் எத்தகையது என்பதற்குச் செங்கற்பட்டுப் பகுதியில் அல்லாமல் திருநெல்வேலிச் சீமையின் மானூரில் ஒரு சான்று கிடைக்கிறது. ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் காலத்து அக்கல்வெட்டு, சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொன்றுக்கும் 'அன்று, அன்று' என்று மறுத்து முட்டுக்கட்டையிடுவோருக்கும் அவருக்குத் துணை நிற்போருக்கும் 5 காசு தண்டம் விதிக்கிறது. ஒத்த கருத்துக்கு வரும் வரை பேசுவர். வெறுமனே தடுப்பவனைத் தண்டிப்பர். தலைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அந்நகரத்தார் கூடித் தம் நிலத்தைப் பங்கிடுவது பற்றித் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டதைக் கூறுகிறது. அங்கும் பேசி முடித்தோர் நகரத்தார் என்னும் வரையறைக்குள் அடங்கியவர்களே.

ஆகவே, 'மக்கள் முடிவு செய்யட்டும்' என்று சொல்லும்போது 'மக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்று முதலில் கேட்பது அவசியமாகிறது. இவ்வினாவுக்குச் செங்கற்பட்டின் பிற்கால வரலாறு கசப்பான ஒரு விடையைத் தருகிறது.

1763இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராக வழங்கினார். நிலத்தை அளக்க வந்த கும்பினி அலுவலர்கள் இங்கே மிராசு என்னும் உரிமையைக் கண்டு வியந்தனர். ஊர் நிலம் முழுவதும், தரிசும் மனையும் உட்பட, மிராசுதார் சிலரின் பங்குகளாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், ஊரிலுள்ள தரிசு நிலத்தை வேறொருவர் தர்க்காஸ்து செய்து கேட்டால் மிராசுதார்களுக்கே முன்னுரிமை. அவர்கள் வேண்டுமென்றால் கேட்டவனுக்கு இல்லை. சேரியில் குடிசை நின்ற மண்ணும் அவர்களுடையதாகவே கருதப்பட்டது. நிலம் கேட்டவனும் மதம் மாறியவனும் குடியிருந்த மனையை இழக்க நேரிட்டது. ஊர் கூடி எடுத்த முடிவு என்றால் அதன் பொருள் இதுவே.

இந்நிலையைக் கண்டு செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீன சபை மிஷனெரி ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பகுதியில் பணியாற்றிய வெஸ்லியன் மிஷனெரி வில்லியம் கௌடி ஆகியோர் அரசுக்கு எழுதினர். மேல்ரோசாபுரம் முதலிய குடியேற்றங்கள் ஆண்ட்ரூவின் முயற்சியால் எழுந்தவை. 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரமன்ஹீர், செங்கற்பட்டுப் பறையர் நிலைமை பற்றிய தம் குறிப்புகளை அரசுக்கு அனுப்பினார். அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையின்படி, ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று குறிப்பிடுவது அதுவே. குறிப்பிட்ட காலம் வரை அதை எவருக்கும் விற்கலாகாது, பின்னரும் ஒடுக்கப்பட்டோருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை.

அந்நாளில் ஊர் தோறும் இதுபற்றி வாக்கெடுத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? மிராசுதார்கள் மட்டும் வாக்களித்திருந்தால் முடிவைச் சொல்ல வேண்டுவதில்லை. வயது வந்தோர் யாவரும் வாக்களித்திருந்தாலும், ஊர்த்தெருக்களின் எண்ணிக்கை சேரியின் எண்ணிக்கையை விஞ்சிய இடங்களில் ஒரு குழியும் கிடைத்திராது. அவ்வாணையை எந்தப் பெரும்பான்மையும் கேட்கவில்லை. அது மேலிருந்து வந்தது, அந்நியர் ஆட்சியிலிருந்து வந்தது, எனினும் நீதியாயிருந்தது. ஆணை இருந்தும் நிலம் கைமாறிப் போயிற்று என்பது வேறு கதை. மாமல்லபுரத்துக்கு அணித்தான காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபரில் நடந்த போராட்டத்தில், செங்கற்பட்டில் காவல் துறையினர் சுட்டதில் இருவர் உயிர் துறந்தனர். ஒருவனுடைய அடிப்படை உரிமையை அவனைச் சூழ்ந்திருப்போரின் வாக்குக்கு விடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நாம் வெளியூர்களில் தேட வேண்டுவதில்லை.

இதனால் பொதுவாக்கெடுப்பே தீது என்று முடிவு செய்துவிடலாமா? அவ்வளவு விரைவில் முடிவுக்கு வர வரலாறு இடம் தரவில்லை. மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகவே தெற்கே சென்றால் புதுச்சேரி வருகிறது. தன் ஆட்சிப் பகுதி எதனையும் அங்குள்ள மக்களின் இசைவின்றிப் பிறருக்கு அளிக்கலாகாது என்பது பிரெஞ்சு நாட்டின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு விதி. அதன்படி 1949 ஜூன் 19இல் வங்காளத்துச் சந்திரநாகூரில் மக்கள் வாக்களித்தனர். ஏறத்தாழ அனைவரும் இந்தியாவோடு இணைவதையே விரும்பினர். ஆனால் புதுச்சேரியில் மக்கள் வாக்களிக்கவே இல்லை. 1954 அக்டோபர் 18இல் கீழூர் என்னும் சிற்றூரில் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்கள் 178 பேர் கூடினர். 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. இதைப் பொதுவாக்கெடுப்பு என்றே பலரும் எழுதுகின்றனர். உண்மையில் அது பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு. முடிவு மக்கள் உள்ளத்தை ஒட்டியே இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெயரைத் திருத்தமாகச் சொல்வது வரலாற்று மாணாக்கரின் கடமையன்றோ?

முறையாக நடந்த பொதுவாக்கெடுப்புக்கு கோவாவைச் சுட்டலாம். மகாராட்டிரத்தோடு இணைவதா, தனித்து ஒன்றியப் பகுதியாக நிற்பதா என்று 1967 ஜனவரி 16இல் அம்மக்கள் கேட்கப்பட்டனர். இணைப்பை விரும்பிய அமைச்சரவை வாக்கெடுப்புக்கு முன்னரே பதவி விலகியது. தனித்து நிற்க 1,72,191 பேரும் இணைய 1,38,170 பேரும் வாக்களித்தனர். கேள்வி தெளிவானது, விளைவைச் சுமக்கப் போகிறவர்களே வாக்களித்தார்கள், கேட்டவர்கள் அதிகாரத்தில் அமர்ந்துகொண்டு கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறானதைக் கடலுக்கு அப்பால் இலங்கைத் தமிழர் கண்டனர். 1977இல் தெரிந்தெடுக்கப்பட்ட பாராளுமன்றத்தில் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடங்கள் இருந்தன. அதற்குப் பின் விகிதாசாரத் தேர்தல் முறை ஏற்பட்டுவிட்டமையால், புதிதாகத் தேர்தல் வைத்தால் அப்பலம் கிட்டாது என்பது சனாதிபதி ஜயவர்த்தனாவுக்குத் தெரியும். எனவே தேர்தலுக்குப் பதிலாக, இருக்கும் பாராளுமன்றத்தையே மேலும் 6 ஆண்டுகள் நீடிக்கலாமா என்று 1982 டிசம்பர் 22இல் மக்களிடம் கேட்கப்பட்டது. ஆம் என்பார்க்கு விளக்குச் சின்னம். இல்லை என்பார்க்குப் பானை. அவசரகாலச் சட்டம் நடப்பிலிருந்தது. விளக்கு 54.66 விழுக்காடு பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்கே வாக்களித்தனர். நாடு முழுவதும் எண்ணியபோது அது கரைந்துபோயிற்று. மறு ஆண்டு ஜூலையில் தமிழர் மீது பெருங்கொடுமை அவிழ்த்துவிடப்பட்டபோதும், அதைத் தொடர்ந்து ஆறாம் திருத்தம் நிறைவேற்றப்பட்டுத் தமிழர் பிரதிநிதிகள் தம் இடங்களை இழந்தபோதும், அமர்ந்திருந்தது அதே பழைய பாராளுமன்றமே. தேர்தலைத் தவிர்ப்பதற்கு மக்கள் வாக்கையே கருவியாக்கிய இந்நிகழ்ச்சியை, பொதுவாக்கெடுப்பைப் போற்றுவோர் மறவாதிருத்தல் நலம். 3 ஆண்டு கழியாமல் வாரியத்துக்குத் திரும்பி வரலாகாது என்று எழுதிய உத்திரமேரூர்ச் சபையார் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பர் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

இந்திய அரசியலமைப்பில் பொதுவாக்கெடுப்புக்கு இடமில்லை. ஒருமுறை இடம் தர முயற்சி நடந்தது. நெருக்கடி நிலையின் காயம் ஆறாத 1978இல் ஜனதா அரசு கொண்டுவந்த 45ஆவது திருத்த மசோதா, அரசியலமைப்பின் அடித்தளக் கூறுகளை மாற்ற வேண்டுமாயின் மக்களின் வாக்கெடுப்பும் வேண்டும், அதில் வாக்காளருள் 51 விழுக்காட்டினராவது பங்குபெற வேண்டும் என்றது. மக்களவை ஏற்றது, மாநிலங்களவை அப்பிரிவை நீக்கிவிட்டது. எஞ்சியது 44ஆவது திருத்தமாக நிறைவேறியது. இம்முயற்சி உரிமைகளைப் பறிப்பதற்குக் கூடுதலாக ஒரு பூட்டைப் போட எண்ணியதேயன்றி, உரிமைகளை வாக்குக்கு விட எண்ணியதன்று. ஆயினும் பூட்டு என்று போடப்பட்டது பின்னர் திறவுகோலாகப் பயன்பட்டிருக்கக் கூடும் என்னும் அச்சம் நமக்கு இல்லாமலில்லை. 51 விழுக்காட்டினர் வந்து, அவருள் பாதிக்கு மேற்பட்டோர் இசைந்தால், நாட்டு மக்களில் கால் பங்கினர் சிறுபான்மையோரின் காப்பை நீக்கிவிடலாம் என்றல்லவா ஆகும்?

நாடு தழுவிய வினாக்களில் நமக்கு இத்தயக்கம் இருக்கிறது. ஆனால் ஓர் ஊரின் மண்ணையும் நீரையும் பற்றிய வினாக்களில் அது இல்லை. செங்கற்பட்டுக் கடற்கரையின் அண்மைக்கால வரலாறே நம்மை இம்முடிவுக்குக் கொணர்கிறது.

1970ஐ ஒட்டிக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையப் பணி தொடங்கிற்று. 1983 ஜூலையில் முதல் உலை இயங்கலாயிற்று. சதுரங்கப்பட்டினத்து மீனவரையோ புதுப்பட்டினத்தாரையோ எவரும் வாக்குக் கேட்கவில்லை. அதே ஆண்டுகளில் ஆஸ்திரியாவில் ஸ்வென்டன்டார்ஃப் என்னுமிடத்தில் அணு உலை ஒன்று கட்டி முடிக்கப்பட்டு நின்றது. 1978 நவம்பர் 5இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்தனர்; 50.47 விழுக்காட்டினர் வேண்டாவென்றனர். பெரும் பொருள் செலவிட்டுக் கட்டிய அவ்வுலை ஒரு நாளும் இயங்கவில்லை. ஆஸ்திரியர் செய்தது அறிவுடைமையா என்பது இங்கு நம் வினா அன்று. கேட்கப்பட்டார்கள் என்பதே கருதத்தக்கது. இத்தனைக்கும் கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள மீனவக் குப்பங்கள் ஊர் கூடி முடிவெடுக்கும் பழக்கத்தை விடாதவை. எவ்வலையைக் கொண்டு மீன் பிடிக்கலாம், எதை விலக்க வேண்டும் என்பதைத் தலைக்கட்டு வரி கொடுப்போர் கூடிப் பேசி முடிவு செய்யும் வழக்கம் அங்கே உண்டு. கடலின் நடத்தையை அறிந்தோர் அவர்களே என்பதால் அம்முடிவுகளுக்கு மதிப்பும் உண்டு. கூடையைச் சுமந்து மீன் விற்கும் பெண்களுக்கு அக்கூட்டத்தில் குரலில்லை என்னும் குறையும் உண்டு.

இன்று சட்டம் ஓர் ஊர்க்கூட்டத்தை ஏற்படுத்தியிருக்கிறது. 73ஆவது திருத்தத்தையும் 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் ஒட்டி அமைந்த கிராம சபையில், வாக்காளர் பட்டியலிலுள்ள ஒவ்வொருவரும் உறுப்பினர். நிலம் வேண்டுவதில்லை, வேதம் வேண்டுவதில்லை, சேரியாரும் பெண்டிரும் பட்டியலுக்குள் இருக்கின்றனர். உத்திரமேரூரில் இல்லாத ஒன்று இது. ஆனால் உத்திரமேரூர்ச் சபை சொன்னது நடந்தது. கிராம சபை சொல்வது நடக்குமா?

ஒருமுறை நடந்தது. ஒரிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டு வெட்டி எடுக்கும் திட்டத்தைப் பற்றி அங்குள்ள கிராம சபைகளே முடிவு சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 18இல் தீர்ப்பளித்தது. வன உரிமைச் சட்டம் அதற்கு அடிப்படையாயிற்று. அவ்வாண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் 12 ஊர்கள் கூடின. மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளோர் மேற்பார்வையாளராக அமர்ந்திருந்தனர். மலைமக்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பேசினர். 12 ஊர்களும் மறுத்தன. திட்டம் நின்றது. பராந்தகனின் அலுவலர் முன்னிலையில் சபை கூடிய காட்சி நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இங்கே கூடியவர்கள் நிலக்கிழார்கள் அல்லர்.

உத்திரமேரூர் உள்ள அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூரில் சென்னைக்கு இரண்டாம் விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. ஏரிகளும் நஞ்சையும் நிறைந்த பல ஊர்களின் நிலம் அதற்கு வேண்டப்படுகிறது. அவற்றுள் ஒன்றாகிய ஏகனாபுரத்தின் கிராம சபை அம்மாதமே கூடி வேண்டாவென்று தீர்மானித்தது. அதன் பின்னரும் பன்முறை கூடி அதையே தீர்மானித்திருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின்படி, தனியார் திட்டங்களுக்கு நிலமிழப்போருள் 80 விழுக்காட்டினரின் இசைவும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டங்களுக்கு 70 விழுக்காட்டினரின் இசைவும் தேவை. அரசு தனக்கென்றே எடுத்தால் அவ்விசைவு தேவையில்லை. விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் சென்னை மாநகரத்தாருக்கும் மாநிலத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மாநிலம் முழுவதும் வாக்கெடுத்தால் ஏகனாபுரம் தோற்கும் என்பதும் வெளிப்படை. யாழ்ப்பாணத்துப் பானையைப் போல் அதன் வாக்கு கரைந்துவிடும். அதனாலேயே ஊரின் தீர்மானத்துக்கு, நியமகிரியில் இருந்ததுபோல், சட்டத்தின் வலு வேண்டும் என்கிறோம். அவ்வலு இருந்தால் அரசு ஊரோடு அமர்ந்து பேசியாக வேண்டும். மாற்றிடம் பார்த்தாக வேண்டும். ஏரிக்கு என்ன நேரும், கூலிக்கு உழுவோருக்கு என்ன நேரும் என்பதற்குக் கணக்குக் காட்டியாக வேண்டும். நிலமிழப்போருக்கு மட்டுமே இழப்பீடு பேசப்படும் இடங்களில், நிலமில்லாத கூலியாள் மீண்டும் குடத்துக்கு வெளியே நிற்கிறான். கிராம சபையில் அவனுக்கும் கையுயர்த்த இடமுண்டு.

2023 நவம்பரில் தமிழக அரசு நிலமெடுப்புக்கு நிர்வாக ஒப்புதல் வழங்கியது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கையளவில் இசைவளித்தது. ஏகனாபுரத்தின் தீர்மானங்கள் ஊராட்சியின் பதிவேட்டில் இருக்கின்றன.